போணிக்காரர்

காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த ஆள் வருவார். மழை நாளிலும் வருவார், தீபாவளியன்றும் வருவார். கொசுவலை விளம்பரத்தை ஒரு முறை தட்டுவார். இணையக் கடைக்குள் நுழைந்து ஒரே அளவைக் கேட்பார். நீளம் ஆறு அடி, அகலம் இரண்டரை, உயரம் ஒன்றே முக்கால். ‘இந்த அளவில் இல்லை’ என்று கடை தானாகப் பதில் சொல்லும். போய்விடுவார். மறுநாள் ஆறு ஐந்துக்கு மறுபடி வருவார்.

பதினான்கு மாதமாக இதே கதை.

கரூர் காவேரி வலையகத்தின் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டவள் மதிவதனி. ஒவ்வொரு தட்டலுக்கும் கடைக்காரர் காசு கொடுக்கிறார். அதனால் வாங்க வருகிற தட்டல் எது, வீண் தட்டல் எது என்று பிரிப்பதுதான் அவளுக்கு முக்கியமான வேலை. வீண் என்று பட்டால் குறி போட்டுவிடுவாள். தினமும் முப்பது, நாற்பது குறி. ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆறு ஐந்துக்காரருக்கும் குறி போட்டாள். பிறகு மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஒரு பெண் மதிவதனியின் விளம்பர அலுவலகத்துக்கு மாடியேறி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒயர் கூடை. பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து வந்த சேலைக் கசங்கல்.

“காவேரி வலையகத்துக்கு விளம்பரம் போடுறது நீங்கதானா?”

“ஆமாம்மா. வலை வேணும்னா கடை வெங்கமேட்டுல இருக்குங்க.”

“வலை வேணாம். எங்க வீட்டுக்காரங்களை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கீங்க. அதான் திருவாரூர்லேர்ந்து வந்தேன்.”

மதிவதனிக்குப் புரியவில்லை. அந்தப் பெண் கைபேசியை எடுத்து நீட்டினாள். அதில் ஒரு அறிவிப்பு இருந்தது. ‘தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த தியாகேசன் (அமரர்) அவர்களுடைய பதிலாளின் தட்டல்களை வீண் என்று விளம்பரதாரர் அறிவித்துள்ளார். ஏழு நாட்களுக்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்படாவிட்டால் பதிலாள் முடிக்கப்படும்.’

மதிவதனி இரண்டு முறை படித்தாள். விளம்பரங்களை மனிதர்கள் பார்ப்பது நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு பதிலாள். நம் பழக்கமும் தேவையும் குரலும் கற்றுக்கொண்ட ஒரு நிரல். நமக்காகக் கடை கடையாகப் போய் விசாரித்து, பேரம் பேசி, திரும்பி வந்து சொல்லும். அவள் குறி போட்டதெல்லாம் பதிலாட்களுக்குத்தான். குறி போட்டால் ஒரு வீட்டுக்குக் கடிதம் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று யோசித்ததில்லை.

“உக்காருங்கம்மா. எப்ப தவறினாங்க?”

“போன வருஷம் ஆனி. சிறுநீரகம். இருபத்து மூணு நாள் பெரிய ஆஸ்பத்திரியில இருந்தாங்க.” உட்கார்ந்தாள். “என் பேரு நீலா. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருக்கேன். லீவு சொல்லிட்டு வந்தேன்.”

“இறந்தவங்க பதிலாளை முடிச்சிரணுமேம்மா. சட்டம் அப்படித்தானே.”

“பாக்கி வேலை இருந்தா அதை முடிக்கிற வரைக்கும் விடலாம்னும் அதே சட்டத்துலதான் இருக்கு. உக்காந்து படிச்சேன்.” விரலை மடக்கினாள். “காஸ் கனெக்‌ஷன் எம்பேருக்கு மாத்தினாங்க. பென்ஷன் பேப்பர் முடிச்சாங்க. தங்கச்சி மகளுக்கு மொய் எழுதினாங்க. எல்லாம் செத்த பிறகு. உசுரோட இருந்தப்ப ஒரு நாள் அந்தப் பேப்பரைத் தொட்டதில்ல.” சிரித்தாள். “இப்ப ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. என்னமோ தேடுறாங்க.”

“அது உங்ககிட்ட பேசுமா?”

“பாக்கி வேலையைப் பத்தி மட்டும்தான் பேசணுமாம். வேற எது கேட்டாலும் வாய் திறக்காது. காலையில ஆறேகால் வாக்குல வந்து சொல்லுவாங்க. ‘தேடிப் பார்த்தேன் நீலா. இன்னைக்கும் கிடைக்கல. நாளைக்குப் பாக்கலாம்.’ அவ்வளவுதான். அதைக் கேட்டுட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கிறேன்.”

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் வந்தது. மதிவதனி கணினியில் அந்தத் தட்டலைத் திறந்தாள்.

“கொசுவலைதான் கேக்கறாரும்மா. அளவுதான் கொஞ்சம்…”

“சொல்லாதீங்க.” நீலா கையை உயர்த்தினாள். “‘ஒண்ணு தேடிட்டிருக்கேன், கிடைச்சா நானே சொல்றேன்’னு ஆஸ்பத்திரியில வச்சு சொன்னாங்க. அவங்க வாயால வரட்டும்.”

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். முகம் மாறியது.

“வர வேணாம்,” என்றாள். “வராமலே இருக்கட்டும்.”

“கிடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“உசுரோட இருக்கறவங்களுக்கு ஒண்ணு கிடைச்சா அடுத்தது வேணும்னு தோணும். பதிலாள் அதைத் தேடப் போயிரும். இவருக்கு…”

“புதுசா எதுவும் வேணும்னு தோணாது,” என்றாள் நீலா. “அதோட முடிஞ்சிடும். வீண்னு நீங்க சொன்னாலும் முடிஞ்சிடும். கிடைச்சாலும் முடிஞ்சிடும். கிடைக்காம, வீணும் இல்லாம இருக்கணும். கேக்கக் கூடாததைக் கேக்கறேன்னு தெரியுது. உங்க கடைக்காரர் அதைத் தைச்சுக் குடுத்துடுவாரா?”

“மாட்டாரும்மா. மெஷின்ல ஒரே அளவுல ஐநூறு வலை ஓடும். ஒத்தை வலைக்காக அளவை மாத்தினா அரை நாள் வேலை போச்சு. யாரும் தைக்க மாட்டாங்க.”

“அப்பச் சரி.”

மதிவதனி குறியை நீக்கினாள். காரணம் கேட்டது. பட்டியலில் நான்கு காரணங்கள் இருந்தன. ‘வாங்கும் நோக்கம் உறுதி’ என்பதைத் தொட்டாள். நீலா எழுந்து, கூடையிலிருந்து ஒரு டப்பா முறுக்கை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அவள் எண்ணையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு மதிவதனியின் கைபேசியில் நீலாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘இன்னைக்கும் கிடைக்கல.’

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். சில நாள் செய்திக்குப் பின்னால் ஒரு பூப்படம் இருக்கும். மதிவதனி பல் துலக்கிக்கொண்டே பார்ப்பாள். பார்த்தபின்தான் அவளுக்கு நாள் தொடங்கியது. குறி போடுவது குறைந்தது. ஒவ்வொரு தட்டலையும் திறந்து உள்ளே யார் என்று பார்க்கத் தொடங்கினாள். “என்ன, கை அசந்து போச்சா?” என்று மேலாளர் கேட்டார்.

ஐப்பசி மாத அறிக்கையை எடுத்துக்கொண்டு வெங்கமேட்டுக்குப் போனாள். வலையகத்தின் முதலாளி நல்லசிவம் அறுபதைத் தொட்டவர். விளம்பரக் கணக்கை வரி வரியாகக் கேட்பவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கிட்டே பிடித்தார்.

“அதாரு அம்மணி, தெனமும் ஆறே அஞ்சுக்கு?”

மதிவதனி எதிர்பார்த்ததுதான். “ஒரு வாடிக்கையாளருங்க.”

“ஒண்ணும் வாங்கலையே. வந்து வந்து கேட்டுப்போட்டுப் போறாரு. ஒண்ணே முக்கா அடி ஒசரம். ஆளுக்கா கேக்கறாரு, கோழிக்கா கேக்கறாரு?” அவரே சிரித்தார். “வீணா அம்மணி? வீண்ன்னாத் தூக்கிப் போடுங்க.”

“இல்லைங்க. நிஜ ஆள்தான். வாங்கக் கூடிய பார்ட்டிங்க. நானே விசாரிச்சேன்.”

செத்தவர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லசிவம் கடையில் காலை முதல் விற்பனை ஒரு சடங்கு. முதலில் வருகிறவரிடம் விலை முறுக்க மாட்டார். நட்டத்துக்காவது ஒன்றைக் கையில் கொடுத்து, வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போணி பண்ணும் கையைப் பார்த்து நாள் ஓடும் என்பார். இணையக் கடை வந்தபிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. அன்றைய முதல் தட்டலின் பெயரைத் திரையில் தொட்டுக் கும்பிடுவார். ஒன்றேகால் வருடமாகத் தினமும் அவர் தொட்டுக் கும்பிட்டது ஒரு இறந்தவரின் பெயரை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அன்றைக்கே தூக்கச் சொல்லிவிடுவார்.

“நிஜ ஆளா?” நல்லசிவத்தின் சிரிப்பு நின்றது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “அப்படீன்னா இத்தனை நாளா போணிக்காரரை வெறுங்கையோட திருப்பி அனுப்பிச்சிருக்கறமே அம்மணி.”

“அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாருங்க.”

“அவரு நெனைக்க மாட்டாரு. யாவாரம் நெனைக்குமில்ல?”

பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. வெளிமாநிலத்து வலைகள் சந்தைக்கு வந்து விற்பனை படுத்திருந்தது. தை மாதம் பைபாஸ் ரோட்டில் புதுக் கடை திறக்கப் போவதாகச் சொன்னார். இருந்த ஒரு துண்டு விவசாயக் காட்டையும் அதற்காக விற்றிருந்தார்.

கார்த்திகை போனது. மார்கழி போனது. ‘இன்னைக்கும் கிடைக்கல’ நிற்காமல் வந்தது.

தை மாதம் முகூர்த்த நாள். காலை ஆறிலிருந்து ஏழரை நல்ல நேரம். மதிவதனி ஐந்தே முக்காலுக்கே புதுக் கடைக்குப் போய்விட்டாள். வாழை மரம் கட்டியிருந்தது. ஹோமப் புகை. சொந்தக்காரர்கள் நாற்பது பேர் பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக நின்றார்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை. அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“வாங்க அம்மணி, வாங்க. உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்.” நல்லசிவம் அவளை மேசைப் பக்கம் கூட்டிப் போனார். மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. “பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தாள். வெள்ளைக் கொசுவலை. சிறியது. ஓரமெல்லாம் இரட்டைத் தையல், நாலு மூலையிலும் கட்டுவதற்கு நாடா.

“ஆறு, ரெண்டரை, ஒண்ணே முக்கா,” என்றார் நல்லசிவம். “மெஷின்ல ஆகலைங்க. எங்கூட்டுக்காரி கையாலயே தெச்சுப்போட்டா. நேத்தே இணையக் கடையில ஏத்திப்போட்டேன். உங்களைக் கேக்காம நானே பண்ணினேன். எப்படி?”

மதிவதனி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணி இரண்டு நிமிடம்.

“ஏனுங்க இப்ப…”

“ஒண்ணரை வருசமா மொத ஆளா வர்றாரு. ஒரு நா தவறலை. நீங்களே சொன்னீங்க, நெச ஆளுன்னு. புதுக் கடைக்கு அவரு கையாலதான் போணி ஆகோணும். இன்னைக்கு ‘இல்லை’ங்கற வார்த்தை எங்கடையில வரக்கூடாது.”

கைபேசி அவள் கையிலேயே இருந்தது. கடையின் பட்டியலைத் திருத்த அவளுக்கு அனுமதி உண்டு. அந்த ஒரு வரியை நீக்க இரண்டு தொடுகை போதும். திரையில் இணையக் கடையைத் திறந்தாள். வரியைக் கண்டுபிடித்தாள். முதல் தொடுகை தொட்டாள். ‘நீக்கவா?’ என்று கேட்டது.

“என்ன அம்மணி பண்றீங்க?” நல்லசிவம் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அவர் மனைவி கற்பூரத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்லியாக வேண்டும். நாற்பது பேர் நடுவில், ஹோமம் எரியும்போது, உங்கள் போணிக்காரர் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது என்று சொல்ல வேண்டும். காட்டை விற்றுத் திறக்கிற கடை. அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அதுவும் ஒரு காரணம். இத்தனை நாள் பொய் சொன்னது தெரிந்துவிடும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று பின்னால் அவளுக்குத் தெரிந்தது.

“ஒண்ணும் இல்லைங்க,” என்றாள்.

ஆறு ஐந்துக்குத் திரையில் மணி ஒலித்தது. தியாகேசன் வந்தார். ஆறு அடி, இரண்டரை, ஒன்றே முக்கால். ‘இருக்கிறது’ என்றது கடை. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பணம் வந்தது, முகவரி வந்தது. நாற்பது பேரும் கை தட்டினார்கள். நல்லசிவம் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எல்லோருக்கும் முன்பாக மதிவதனிக்கு முதல் லட்டைக் கொடுத்தார்.

அன்று ஆறரைக்குச் செய்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மதிவதனி இரண்டு முறை நீலாவின் எண்ணை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் மதியம் நீலாவே கூப்பிட்டாள்.

“பார்சல் வந்துச்சும்மா.” குரல் சாதாரணமாக இருந்தது. “பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“அம்மா…”

“அன்னைக்கு அடுப்படியில இருந்தேன். ‘கிடைச்சிருச்சு நீலா’ன்னாங்க. ‘இனி கட்டிலுக்கு அடியில படுத்தாலும் கடிக்காது’ன்னாங்க. அவ்வளவுதான். கூப்பிட்டுப் பாத்தேன். நெசமாவே அவ்வளவுதான்.”

மதிவதனி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“ஆஸ்பத்திரியில கூட இருக்கறவங்களுக்குப் படுக்க இடம் ஏது? அவங்க கட்டிலுக்கு அடியிலதான் துண்டை விரிச்சுப் படுப்பேன். இருபத்து மூணு நாளும். சாக்கடைப் பக்கத்து வார்டு, கொசு பிடுங்கித் தின்னும். காலையில விளக்கு போட்டதும் மேலேர்ந்து குனிஞ்சு பாப்பாங்க. நான் கையைச் சொறிஞ்சுக்கிட்டு இருப்பேன். போனை எடுத்து என்னமோ தட்டுவாங்க. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க.” மூச்சு வாங்கியது. “இப்ப இது இங்க சரியா விரியுது. வீட்டுக் கட்டிலுக்கு அடியில கட்டிப் பாத்தேன். அவ்வளவு கச்சிதம். வலையைத் தைச்சது யாரு?”

“கடைக்காரரோட மனைவி. கையால.”

“நல்ல தையல்.”

“அம்மா, நான் தடுத்திருக்கலாம். கையிலதான் இருந்துச்சு. மூணு நிமிஷம் இருந்துச்சு. தடுக்கல.”

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி மணியடித்துக்கொண்டு போவது கேட்டது.

“ஆமா,” என்றாள் நீலா. “தடுத்திருக்கலாம்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த வாரக் கடைசியில் மதிவதனி புதுக் கடைக்குப் போனாள். நல்லசிவம் உற்சாகமாக இருந்தார். திறந்த நாளிலிருந்து விற்பனை பரவாயில்லை.

“பார்ட்டி என்ன சொன்னாங்க? அளவு செரியா இருந்துச்சாமா?”

“கச்சிதமா இருந்துச்சாங்க.”

“அதுக்கப்புறம் ஆளையே காணோம். காலையில வெறிச்சுனு இருக்குது.” சிறிது யோசித்தார். “அதுஞ் செரி. வேணுங்கறது கெடைச்சுப்போச்சு. இனி எதுக்கு வர்றாரு? ஆமா, எதுக்குத்தான் அம்மணி அந்த அளவு?”

இதையாவது சொல்லலாம் என்று தோன்றியது. “ஆஸ்பத்திரியில நோயாளிக்குத் துணையா இருக்கறவங்க கட்டிலுக்கு அடியில படுப்பாங்கல்லங்க. அவங்களுக்கு.”

நல்லசிவத்தின் கை மேசைமேல் அப்படியே நின்றது.

“அட சாமி,” என்றார். “கோழிக்கான்னு கேட்டுப்போட்டேனே.”

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் மனைவி உள்ளே யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை சனம்,” என்றார் நல்லசிவம். “நமக்குத் தோணலை பாருங்க. ஐநூறு ஓட்டிப்போடலாம். மெஷினை மாத்தச் சொல்றேன். லாபம் வேண்டாம், அசலுக்குக் குடுக்கலாம். அந்த அளவுக்கு ஒரு பேரு வச்சு விளம்பரம் போடுங்க அம்மணி. எந்த ஊர்ல ஆரு தேடினாலும் நம்ம கடை மொதல்ல கண்ணுல படோணும்.”

அவள் போட்டாள். ‘ஆஸ்பத்திரிக் கட்டிலின் கீழ் கட்டும் வலை’ என்று எழுதினாள். உயிரோடு, இன்று ராத்திரி சிமெண்டுத் தரையில் படுக்கப் போகிறவர்களை நினைத்துத்தான் எழுதினாள். மாநிலத்தின் எல்லா ஊர்களையும் தேர்ந்தெடுத்தாள்.

மறுநாள் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் பதினோரு பேர் அந்த அளவைக் கேட்டிருந்தார்கள். மதிவதனி ஒவ்வொரு பெயராகத் திறந்தாள். நான்கு பேர் அமரர்.

கடை எல்லோருக்கும் ‘இருக்கிறது’ என்று சொல்லி முடித்திருந்தது.